காவலிருந்த உடல்

அம்மாவின் சாம்பலைக் கரைத்தாகிவிட்டது. பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் திரும்பிப் போய்விட்டார்கள். வாடகைக்கு எடுத்த மருத்துவக் கட்டிலையும் வந்து ஏற்றிப் போய்விட்டார்கள். ஆனால், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கு மட்டும் இரவு இரண்டு மணிக்கு ஒருமுறையும் நாலு மணிக்கு ஒருமுறையும் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்த பிறகுதான் இனி புரட்டிப் படுக்க வைக்க யாருமில்லை என்பது உறைக்கிறது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. படுத்த படுக்கையானவரை வீட்டுக்கு அனுப்பும்போதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள் என்று தாதியர் சொல்லி அனுப்புவார்கள். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் இடுப்பின் பின்புறம், குதிகால், தோள்பட்டை என எலும்பு புடைத்த இடங்களில் தோல் நசுங்கும். அங்கே இரத்த ஓட்டம் குறைந்து படுக்கைப் புண் வரும். முதல் சில வாரங்கள் கைப்பேசியின் அலாரம் எழுப்பும். பிறகு அலாரம் தேவைப்படாது. உறங்கும் மூளையும் ஒலிகளைத் தரம் பிரித்துக்கொண்டேதான் இருக்கிறது. தூங்குகிறவரிடம் பல பெயர்களைச் சொல்லிப் பார்த்தால், அவருடைய பெயருக்கு மட்டும் மூளை அலைகள் கூடுதலாகத் துள்ளுவதை இயன் ஆஸ்வால்டும் உடனாய்வாளர்களும் 1960இலேயே காட்டினார்கள். மழையில் தகரக் கூரை அதிர்ந்தாலும் எழாத மகள், அடுத்த அறையில் அம்மா லேசாகச் செருமினால் எழுந்துவிடுவதற்கு இதுதான் காரணம். ஆண்டுக் கணக்கில் இப்படிப் பழகிய மூளை, மரணச் சான்றிதழ் வந்த நாளிலேயே அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுவிடாது.

நெடுநாள் பராமரித்தவருக்கு ஒரு மரணத்தில் இரண்டு இழப்புகள். அம்மா போய்விட்டார் என்பது ஒன்று. அம்மாவைச் சுற்றியே உருவாகி, உடம்பில் ஊறிப்போன ஒரு வேலையும் அன்றே நின்றுவிடுகிறது என்பது இன்னொன்று. முதல் இழப்புக்கு நம்மிடம் சடங்கு உண்டு, சொல் உண்டு, ஆள் உண்டு. இரண்டாவது இழப்பைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. துக்கத்தை ஆராய்ந்த அறிவியலாளர்கள் கண்டறிந்தவற்றில் பல அந்த இரண்டாவது இழப்பைப் புரிந்துகொள்ளவும் உதவுகின்றன.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இன்று எழுபது எண்பது வயதில் இருக்கும் தமிழ்த் தாய்மாரில் பலர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளில் சிலவற்றை ஹியூ லோ 1877இல் கோலகங்சாரில் நட்டார். அவற்றில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் சுங்கை சிப்புட், பாகான் செராய், பீடோர், தெலுக் இந்தான் என்று மாநிலமெங்கும் தோட்டங்கள் பரவின. அவற்றின் லயன் வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் குடியேறின.

பால்வெட்டுக்கு விடியுமுன் போக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் மரத்தின் பட்டைக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும்; பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே சமைத்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டு எனும் காலை அணிவகுப்பில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கிய பெண்கள் இவர்கள். மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்தார்கள். அந்த முழங்கால்களும் முதுகுகளும்தான் நாற்பது ஆண்டு கழித்து ஈப்போவின் மாடி வீடுகளில் படியேற முடியாமல் நிற்கின்றன.

1950களின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. பெரிய தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட, வேலையும் வீடும் ஒருசேரப் போயின. சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி திரட்டித் தோட்டங்களை அவர்களே வாங்க வழிசெய்யும் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கினார். அப்படியும் காலத்தின் போக்கு நிற்கவில்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பல தோட்டங்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் புந்தோங், சிலிபின், மெங்லெம்பு, செமோர் என்று ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் நகர்ந்தார்கள். பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள்.

மலேசிய மாநிலங்களில் முதியோர் விகிதம் மிக அதிகமாக உள்ள இடங்களில் பேராக் முன்னணியில் நிற்பதற்கு இப்படி இளையவர்கள் வெளியேறியதும் ஒரு காரணம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். நீரிழிவு பக்கவாதத்துக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் கால் இழப்புக்கும் வழி திறக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி இருப்பதாக 2018ஆம் ஆண்டின் ஆய்வு சொல்கிறது. இத்தனை நோய்களும் கடைசியில் ஒரு வீட்டுக்குத்தான் வந்து சேர்கின்றன. அந்த வீட்டில் ஒரு பிள்ளை நிற்கிறது. பெரும்பாலும் மகள், பெரும்பாலும் திருமணமாகாதவள், அல்லது கணவனை இழந்தவள், அல்லது 'ஒனக்குத்தான் வேல இல்லயே' என்று சொல்லப்பட்டவள். சில வீடுகளில் கடைசி மகன்.

உடம்பு கொடுக்கும் விலை

பராமரிப்பு உடலை என்ன செய்கிறது என்பதை மிக எளிமையாகக் காட்டிய சோதனை 1995இல் லான்செட் இதழில் வெளியானது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், முதுமை மறதி கண்ட உறவினரைப் பராமரித்த 13 பெண்களையும், அவர்களோடு வயதிலும் வருமானத்திலும் ஒத்த, பராமரிப்புச் சுமை இல்லாத 13 பெண்களையும் அழைத்தார்கள். ஒவ்வொருவர் முன்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே மாதிரியான சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆறுவதைப் படமெடுத்துக்கொண்டே வந்தார்கள். பராமரிப்பு இல்லாதவர்களின் காயம் சராசரியாக 39.3 நாளில் ஆறியது. பராமரித்தவர்களுக்கு 48.7 நாள் ஆனது. ஒன்பது நாளுக்கும் மேல் வித்தியாசம்.

ஆபத்து வரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அவை கார்ட்டிசாலை வெளிவிடுகின்றன. சில நிமிடம், சில மணி நேரம் என்றால் இது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் அம்மாவின் சர்க்கரை இறங்குமா, மூக்குக் குழாயைப் பிடுங்கிவிடுவாரா, குளியலறையில் விழுவாரா என்ற கவலை ஆண்டுக் கணக்கில் தொடர்ந்தால், கார்ட்டிசால் நோய் எதிர்ப்பணுக்களின் வேலையைக் குலைக்கிறது. காயம் ஆறுவதற்கு முதலில் வந்து சேர வேண்டிய அணுக்கள் தாமதிக்கின்றன.

தோட்டத்துப் பெண்களுக்கு இதை விளக்குவது கடினமில்லை. ஓய்வு கொடுக்காமல் அடிக்கடி வெட்டப்படும் ரப்பர் மரம் ஒரு நாள் பால் தருவதை நிறுத்திவிடும். இலை பசுமையாகவே இருக்கும், மரம் நிமிர்ந்தே நிற்கும், பட்டை மட்டும் காய்ந்திருக்கும். பராமரிப்பவரும் வெளிப்பார்வைக்கு அப்படித்தான் நிற்கிறார். 1999இல் ரிச்சர்ட் ஷுல்ட்சும் ஸ்காட் பீச்சும் வெளியிட்ட ஆய்வில், துணையைப் பராமரித்து அதனால் மன நெருக்கடியும் அடைந்த முதியவர்கள் நான்காண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்புப் பணி இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு அதிகமாக இருந்தது. பராமரித்தும் நெருக்கடியை உணராதவர்களிடம் அந்த உயர்வு தென்படவில்லை. ஆகவே அன்போடு பார்த்துக்கொள்வது யாரையும் கொல்வதில்லை. மாற்றி நிற்க ஆளில்லாமல், தூக்கமில்லாமல், தனியாகப் பார்த்துக்கொள்வதுதான் கேடு.

அம்மா கண்மூடும் நாளில் மகள் இந்த உடம்போடுதான் துக்கத்துக்குள் நுழைகிறாள். மற்றப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் அழத் தொடங்குகிறார்கள்; இவளோ ஏற்கெனவே களைத்துப்போனவள். சாவு வீட்டில் 'அவ ஏன் அழவே மாட்டேங்கிறா' என்று கிசுகிசுப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

மூளையில் இருக்கும் அம்மா

காலியான அறையைக் கடக்கும்போது தலை தானாகத் திரும்புகிறது. கடையில் பெம்பர்ஸ் அடுக்கிய பக்கம் கால் போகிறது. அம்மா கூப்பிட்டதுபோல் காதில் விழுகிறது. பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து பலர் இதை வெளியே சொல்வதில்லை.

எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் பகுதியிலுள்ள சில நரம்பணுக்கள் குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிப்பதை ஜான் ஓகீஃப் 1971இல் கண்டறிந்தார். மூளைக்குள் இடத்தின் வரைபடம் ஒன்று இருக்கிறது என்பதற்கு அது முதல் சான்று. மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் அந்த ஆய்வை நெடுந்தொலைவு கொண்டுபோனார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. மோசர் ஆய்வகத்தில் 2013இல் இன்னொன்று தெரியவந்தது. எலி உலவும் பெட்டியில் ஒரு பொருளை வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு அதை எடுத்துவிட்டார்கள். என்டோரைனல் புறணியிலுள்ள சில அணுக்கள், பொருள் இருந்த இடத்துக்கு எலி வரும்போதெல்லாம், அந்தப் பொருள் இல்லாதபோதும் துடித்தன. அகற்றி நாட்கள் ஆன பிறகும் துடித்தன.

அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் மேரி-பிரான்சிஸ் ஓகானர் இந்தக் கண்டுபிடிப்பைத் துக்கத்தோடு இணைத்துப் பேசுகிறார். நெருங்கியவர் எங்கே இருப்பார், எப்போது தேவைப்படுவார், எவ்வளவு நெருக்கமானவர் என்பதை மூளை ஒரு வரைபடமாக வைத்திருக்கிறது. மரணச் செய்தி நினைவில் ஒரே நொடியில் பதிந்துவிடுகிறது. வரைபடமோ நாளாக நாளாக, ஆயிரக்கணக்கான தடவை 'இங்கே இல்லை' என்று பட்டுப் பட்டுத்தான் திருத்தமாகிறது. வெளியூரில் இருந்து தீபாவளிக்கு வந்துபோன பிள்ளையின் வரைபடத்தில் அம்மா சில இடங்களில்தான் இருக்கிறார். பராமரித்த மகளின் வரைபடத்தில் அம்மா இல்லாத இடமோ நேரமோ கிடையாது. காலை ஆறு மணி இன்சுலின் ஊசி, ஏழு மணிக் கஞ்சி, பத்து மணிக்கு உடம்பு துடைப்பது, நண்பகல் மாத்திரை, மாலையில் காலுக்கு எண்ணெய் என்று நாள் முழுக்க அம்மா நிறைந்திருக்கிறார். அத்தனையும் திருத்தப்பட வேண்டும். அதனால்தான் அவளுக்குக் காலம் கூடுதலாக ஆகிறது.

2008இல் ஓகானர் குழுவினர், மார்பகப் புற்றுநோயில் தாயையோ சகோதரியையோ இழந்த 23 பெண்களின் மூளையை எம்ஆர்ஐ கருவியில் பார்த்தார்கள். இறந்தவரின் படத்தைக் காட்டியபோது எல்லோரிடமும் வலி தொடர்பான பகுதிகள் விழித்தன. துக்கம் தணியாமல் நீடித்தவர்களிடம் மட்டும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியும் விழித்தது. விரும்பியது கிடைக்கும் என்று எதிர்பார்க்கும்போது வேலைசெய்யும் இடம் அது. அவர்கள் மூளை இறந்தவரை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

குரல் கேட்பதும் அருகில் இருப்பதுபோல் தோன்றுவதும் நோயா? வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் 1971இல் வெளியிட்ட ஆய்வுக்காகத் துணையை இழந்த 293 பேரிடம் பேசினார். ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தவரைக் கண்டதாகவோ கேட்டதாகவோ அருகில் உணர்ந்ததாகவோ சொன்னார்கள். பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

நிம்மதியைச் சொல்லத் தயங்காதீர்கள்

'அம்மா போனதும் முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.' பராமரித்தவர்கள் மிகத் தாழ்ந்த குரலில், பெரும்பாலும் மாதங்கள் கழித்துச் சொல்லும் வாக்கியம் இது. சொன்ன மறுநொடியே, பெற்றவள் சாவில் நிம்மதி கண்டவள் நான் என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார்கள். இந்தக் குற்ற உணர்ச்சி அவர்களைத் துக்கத்தைவிட ஆழமாக அரிக்கிறது. எனவே ஆய்வு சொல்வதை எண்ணிக்கையோடு சொல்கிறேன்.

2003இல் ரிச்சர்ட் ஷுல்ட்ஸ் குழுவினர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதுமை மறதி கண்ட உறவினரை வீட்டில் பராமரித்து, பின் இழந்த 217 பேரை மரணத்துக்கு முன்பும் பின்பும் தொடர்ந்து பார்த்த ஆய்வு அது. அவர்களில் பாதிப்பேர் வாரத்துக்குக் குறைந்தது 46 மணி நேரம் நோயாளிக்காகவே உழைத்தவர்கள். பாதிக்கும் மேற்பட்டோர் 24 மணி நேரமும் பணியில் இருப்பதாகவே உணர்ந்தார்கள். மரணம் தங்களுக்கு நிம்மதி தந்தது என்று 72 விழுக்காட்டினர் சொன்னார்கள். நோயாளிக்கும் அது விடுதலை என்று 90 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் நம்பினார்கள். பராமரித்த காலத்தில் அதிகமாக இருந்த மனச்சோர்வு, மரணத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் குறையத் தொடங்கி, ஓராண்டில் வெகுவாகத் தணிந்தது.

நிம்மதி என்று சொன்னவர்கள் அன்பில்லாதவர்கள் என்று அந்த ஆய்வில் எங்கும் இல்லை. வலி நின்றது, பயம் நின்றது, எந்நேரமும் விறைத்து நின்ற நரம்பு தளர்ந்தது என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. அம்மாவின் முனகலை இரவெல்லாம் கேட்டுத் தாங்கியவளுக்கு அது நின்றதும் மூச்சு வருகிறது. அதே மூச்சில் அழுகையும் வருகிறது. இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நாளில் இருக்க முடியும். ஒன்று மற்றதைப் பொய்யாக்காது.

'இத்தன வருசமாப் பாத்துட்டு இருந்தியே, மனசளவுல தயாராத்தானே இருந்திருப்ப?' என்று கேட்பவர்களும் உண்டு. மரணத்துக்கு முன்பே துக்கம் தொடங்கிவிடும் என்று முதலில் எழுதியவர் எரிக் லிண்டெமான். பாஸ்டன் நகரின் கோக்கனட் குரோவ் கேளிக்கை விடுதியில் 1942 நவம்பர் 28 அன்று மூண்ட தீயில் 492 பேர் இறந்தார்கள். அவர்களின் குடும்பத்தாரைச் சந்தித்தபின் 1944இல் அவர் எழுதிய கட்டுரைதான் துக்கம் பற்றிய நவீன மருத்துவத்தின் தொடக்கங்களில் ஒன்று. முன்கூட்டியே அழுதுவிட்டால் பின்னால் துக்கம் குறையும் என்று பலர் அதிலிருந்து முடிவு செய்தார்கள். பிந்தைய ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பராமரிக்கும் காலத்திலேயே கடுமையாகத் துக்கப்பட்டவர்கள் மரணத்துக்குப் பிறகும் அதிகம் வாடினார்கள். முதுமை மறதியில் அம்மா தன் பெயரை மறந்த நாளில் மகள் ஒரு தடவை இழந்தாள். அம்மா மூச்சை நிறுத்திய நாளில் இன்னொரு தடவை இழந்தாள். முதல் துக்கம் இரண்டாவதற்குத் தடுப்பூசி ஆவதில்லை.

படிகள் இல்லை

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969இல் இதை எழுதியது சாகப்போகும் நோயாளிகளைப் பற்றி. பின்னாளில் அது இருப்பவர்களின் துக்கத்துக்குப் பாடத்திட்டம்போல் ஆகிவிட்டது. பலரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்கள் அப்படி ஒரு வரிசையைக் காணவில்லை. ஜார்ஜ் பொனானோ 2002இல் வெளியிட்ட ஆய்வில் துணையை இழந்த 205 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பெரிய மனச்சோர்வுக்கு ஆளாகாமலே தாங்கி நின்றார்கள். பத்தில் ஒருவர் மரணத்துக்குப் பிறகு முன்பைவிடத் தெளிவடைந்தார்.

நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஸ்குட்டும் 1999இல் முன்வைத்த விளக்கம் நம் வீடுகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. துக்கப்படுபவர் இரண்டு வேலைகளுக்கு இடையில் போய்வந்துகொண்டே இருக்கிறார் என்கிறார்கள் அவர்கள். ஒரு பக்கம் இழப்பு: படத்தைப் பார்ப்பது, அழுவது, பேசுவது. இன்னொரு பக்கம் வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவது: வங்கிக் கணக்கு, வேலை தேடுவது, சமையல், சிரிப்பு. காலையில் விம்மியவள் மாலையில் தொலைக்காட்சி பார்த்துச் சிரித்தால் அது துக்கம் குறைந்ததன் அடையாளமும் இல்லை, நடிப்பும் இல்லை. இப்படிப் போய்வருவதுதான் ஆறும் வழி.

நம் சடங்குகள் இந்தப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தின. பால் தெளிக்கும் நாள், எட்டாம் துக்கம், பதினாறாம் நாள் காரியம், ஆண்டுத் திதி என்று அழவும் எழவும் நாள் குறித்துக் கொடுத்தன. சடங்கு செய்தவர்களுக்குக் கைவிட்டுப்போன கட்டுப்பாடு ஓரளவு திரும்பக் கிடைக்கிறது என்றும், அதனால் துக்கம் இலேசாகிறது என்றும் மைக்கேல் நார்ட்டனும் பிரான்செஸ்கா ஜீனோவும் 2014இல் சோதனைகள் மூலம் காட்டினார்கள்.

லயன் வீடுகளில் சடங்குக்கு மேலும் ஒன்று இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் பக்கத்து வீட்டுச் சோறு வந்தது. ஒப்பாரி சொல்லத் தெரிந்த கிழவிகள் இருந்தார்கள். ஒரு வருடம் கழித்தும் 'ஒங்கம்மா வெச்ச முருங்கதான் இது' என்று சொல்ல, அம்மாவோடு அதே நிரையில் நடந்த யாரோ ஒருவர் இருந்தார். தோட்டம் கலைந்தபோது வீடும் வேலையும் போனதை எழுதியிருக்கிறார்கள். துக்கத்தைத் தாங்கிய அமைப்பும் கூடவே போனதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. தாமானில் இரும்புக் கதவைப் பூட்டிய வீட்டுக்குள், அம்மாவை அம்மாவாக அறிந்த ஒரே ஆளாக மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

நின்றுபோன வேலை

படுத்த படுக்கையான நோயாளியை வீட்டில் பராமரிப்பவருக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, சமூகநலத் துறை மாதம் 500 ரிங்கிட் உதவித்தொகை தருகிறது. நோயாளிக்காக வரும் அந்தத் தொகை அவர் இறந்ததும் நின்றுவிடுகிறது. பராமரிக்க வேலையை விட்டவளுக்கு அத்தனை ஆண்டும் ஊழியர் சேமநிதியில் முதலாளியின் சந்தா ஏறவில்லை. ஐம்பது வயதில் வேலை தேடினால், இடையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கிறார்கள். குழாய் வழி உணவு கொடுக்கவும், புண்ணுக்கு மருந்து கட்டவும், சர்க்கரை இறங்குவதை முகத்தைப் பார்த்தே கண்டுகொள்ளவும் தெரிந்த கைகளுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. வீடு அம்மாவின் பெயரில் இருந்தால் பங்கு பிரிக்கும் பேச்சும் அதே மாதத்தில் தொடங்கும்.

'அம்மா எப்படி இருக்காங்க?' என்பதுதான் பத்தாண்டுகளாக எல்லோரும் அவளிடம் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வி நின்றதும் கேட்க வேறொன்றும் யாருக்கும் தோன்றுவதில்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் ஏறத்தாழ வாழ்நாள் முழுதும் தாயோடு வாழ்ந்தவர். கடைசி மாதங்களில் தாமே பணிவிடை செய்தவர். 1977 அக்டோபர் 25 அன்று தாய் இறந்தார். மறுநாளே பார்த் சிறு தாள்களில் குறிப்பு எழுதத் தொடங்கி, ஏறத்தாழ ஈராண்டு எழுதினார். 2009இல்தான் அவை நூலாயின. உலகப் புகழ், பேராசிரியர் பதவி, மாணவர் கூட்டம் எல்லாம் இருந்தும் அவருக்கே அவ்வளவு நாள் பிடித்தது. வேலையும் வருமானமும் சேர்ந்து போன ஒரு பெண் ஆறு மாதத்தில் எழுந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எப்போது மருத்துவரிடம் போவது

பெரும்பாலானோரின் துக்கம் மருந்தில்லாமலே தணிகிறது. ஒரு பகுதியினருக்குத் தணிவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் 'நீடித்த துக்கக் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதத்துக்கும் மேலாக, அவரவர் பண்பாடு எதிர்பார்க்கும் அளவையும் தாண்டி, ஏக்கமோ இறந்தவரைப் பற்றிய நினைப்போ விடாமல் பற்றிக்கொண்டு அன்றாடத்தை முடக்கினால் அது இந்தக் கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம் என்கிறது. மேலே சொன்ன 217 பேரில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்கு இப்படிச் சிக்கலான துக்கம் இருந்தது. இதற்கென வடிவமைத்த உரையாடல் சிகிச்சையை கேத்தரின் ஷியர் குழுவினர் 2005இல் சோதித்தபோது பாதிப்பேர் தேறினார்கள்; வழக்கமான மனச்சோர்வு உரையாடல் சிகிச்சையில் 28 விழுக்காட்டினரே தேறினார்கள்.

ஈப்போவில் இதற்கு ஒரு தடை உண்டு. பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் திறந்த மனநல மருத்துவமனை, இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை, இருக்கிறது. நெடுங்காலமாக 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற ஊர்ப்பெயரே மலேசியா முழுவதும் ஏளனச் சொல்லாகப் புழங்குகிறது. அந்த ஏளனத்துக்குப் பயந்து தூக்கமின்மையையும் சாப்பாடு இறங்காததையும் மறைக்கிறவர்கள் எத்தனையோ பேர். அரசு கிளினிக் மருத்துவரிடம் 'அம்மா எறந்து எட்டு மாசமாச்சு, இன்னும் தூக்கமில்ல' என்று சொன்னால் போதும். தேவைப்பட்டால் அவரே மேற்கொண்டு அனுப்புவார். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

உறவினர்கள் செய்ய வேண்டியது

இந்த ஆய்வுகளிலிருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடியவை சில உண்டு. பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் உண்மையான ஆள் தேவை. மூன்றாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் போய் அவளோடு இருங்கள். அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். பெயர் சொல்லி, கதை சொல்லிப் பேசுங்கள். பேச்சை மாற்றி அவளைக் காப்பாற்றுவதாக நினைக்காதீர்கள். நிம்மதியாக இருந்தது என்று அவள் சொன்னால் முகம் சுளிக்காமல் கேளுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, பல், கண் என்று இத்தனை ஆண்டு அவள் தள்ளிப்போட்ட சோதனைகளுக்கு நீங்களே தேதி வாங்கிக் கூட்டிப் போங்கள்.

பணத்தைப் பற்றியும் பேசுங்கள். சேமநிதியில் தன்விருப்பச் சந்தா செலுத்த வழி இருக்கிறது. அண்ணன் தம்பி அக்கா எல்லோரும் மாதம் ஆளுக்கொரு தொகை அவள் கணக்கில் போட்டால், விடுபட்ட ஆண்டுகளில் கொஞ்சமாவது ஈடாகும். சொத்துப் பிரிக்கும்போது அவள் உழைப்பையும் ஒரு பங்காகக் கணக்கில் எடுங்கள். அந்த உழைப்பு இருந்ததால்தான் மற்றவர்கள் தத்தம் ஊரில் தத்தம் வேலையைப் பார்க்க முடிந்தது.

பராமரித்து முடித்தவருக்கு ஒரு சொல். உங்கள் உடம்பு இரவில் விழித்துக்கொண்டே இருந்தால் அதைத் திட்டாதீர்கள். அது கற்ற வேலையை விடக் கற்றுக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்காகப் பத்தாண்டு பொறுமையாக இருந்தீர்கள். அதில் ஒரு பங்குப் பொறுமையை இந்த ஓராண்டு உங்களுக்காகச் செலவழியுங்கள்.